பத்துக்குப் பன்னிரண்டு ஹால்

கட்டுநர்கள் கொடுக்கும் வண்ண வரைபடத்தில் ஹால் எப்போதும் விசாலமாகவே இருக்கும். ஸ்கேல் வைத்து அதிலுள்ள சோபாவை அளந்து பாருங்கள். மூன்று பேர் உட்காரும் சோபா ஐந்தடியில் முடிந்துவிடும் வரைபடங்களும் உண்டு. கடையில் கிடைப்பதோ ஆறரை அடி, ஏழடி. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலிகள் உள்ளே தள்ளியே வரையப்பட்டிருக்கும், அந்தப் படத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பால் காய்ச்சிக் குடிபோய், லாரியில் வந்த சாமான்களை இறக்கிய அன்று சாயங்காலம்தான் "ஹால் கொஞ்சம் சின்னதாப் போச்சோ" என்ற பேச்சு வீட்டில் கிளம்பும்.

சென்னையிலும் கோவையிலும் நடுத்தரக் குடும்பம் வாங்கும் இரண்டு படுக்கையறை வீட்டில் ஹால் பெரும்பாலும் 10க்கு 12 அடி. தாராளம் என்றால் 10க்கு 15, ஆனால் அதில் சாப்பாட்டு மேசையும் சேர்த்தி. இந்த இடத்தை எப்படி விசாலமாகக் காட்டுவது, வருகிறவரை எப்படி "உட்காருங்கள்" என்று அது தானே சொல்லும்படி செய்வது என்ற கேள்விக்குப் பத்திரிகை இணைப்புகளும் பெயின்ட் கடைக் கையேடுகளும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத் தருகின்றன: வெள்ளைச் சுவர், பெரிய கண்ணாடி, மூலையில் ஒரு செடி. அந்தப் பதில் எவ்வளவு தூரம் தாங்கும், மற்ற பதில்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று பார்ப்பதே இங்கே வேலை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன ஹாலில் முதலில் தீர்மானிக்க வேண்டியது கால் நடக்கும் வழி, அடுத்தது கண் போகும் வழி. நிறமும் கண்ணாடியும் அதற்கு அப்புறம்.

சின்னது என்பது எவ்வளவு? தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டில் புழங்கும் அறை ஒன்றே ஒன்றுதான் என்றால் அது 9.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, அகலம் 2.4 மீட்டராவது வேண்டும், உயரம் 2.75 மீட்டர் வேண்டும் என்கிறது. நம் கணக்கில் சுமார் 102 சதுர அடி, எட்டடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஒன்பது அடி உயரம். பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2015இல் தொடங்கியபோது பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் மொத்த கார்ப்பெட் ஏரியாவே 30 சதுர மீட்டர் வரைதான், அதாவது 320 சதுர அடி சொச்சம். ஆகவே 120 சதுர அடி ஹால் வைத்திருப்பவர் புலம்பும்போது ஊரில் பாதிப்பேர் சிரிப்பார்கள். ஆனால் புலம்பலுக்கும் காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவை விற்பனையில் கட்டாயமாக்கும்வரை, படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் நம் பங்கைக் கூட்டிச் சொன்ன சூப்பர் பில்ட்-அப் கணக்கே சந்தையில் ஓடியது. ஆயிரம் சதுர அடி என்று வாங்கிய வீட்டில் கால் வைக்கக் கிடைத்தது எழுநூறு, எழுநூற்றைம்பது. மனசுக்குள் ஆயிரம் சதுர அடிக்கான சோபாவை வாங்கி வைத்திருப்பவருக்கு ஹால் சின்னதாகத் தெரியாமல் என்ன செய்யும்?

இப்போது அந்த 120 சதுர அடியைக் கணக்குப் போடலாம். 'த்ரீ ப்ளஸ் ஒன் ப்ளஸ் ஒன்' என்று கடைக்காரர் சொல்லும் செட்டில் பெரிய சோபா 7க்கு 3, இருபத்தொரு சதுர அடி. ஒற்றை சோபாக்கள் இரண்டும் 3க்கு 3, சேர்த்துப் பதினெட்டு. நடுவே டீப்பாய் 4க்கு 2, எட்டு. டிவி ஸ்டாண்டு 5க்கு ஒன்றரை, ஏழரை. பொம்மையும் கோப்பையும் அடுக்கும் ஷோகேஸ் நாலடி நீளம், ஒன்றேகால் அடி ஆழம், ஐந்து. கூட்டினால் ஐம்பத்தொன்பதரை. ஹாலில் சரிபாதி, மனிதர் யாரும் உள்ளே வருவதற்கு முன்பே போய்விட்டது.

மிச்சப் பாதியாவது நம்முடையதா என்றால், அதற்குக் கதவுகள் பங்கு கேட்கும். நம் அடுக்குமாடி ஹாலின் தனித்தன்மையே இதுதான்: அது அறையாக இருப்பதைவிட நாற்சந்தியாக இருக்கிறது. வாசல் கதவு, இரண்டு படுக்கையறைக் கதவுகள், சமையலறைத் திறப்பு, பால்கனிக் கதவு. ஐந்து வாய்கள். மூன்றடிக் கதவு ஒன்று ஹாலுக்குள் திறந்தால் அது சுழல்வதற்கு மட்டும் ஏழு சதுர அடி காலியாக இருக்க வேண்டும். வாசலிலிருந்து சமையலறைக்கு ஒரு நடை, படுக்கையறையிலிருந்து பால்கனிக்குத் துணி காயப்போட ஒரு நடை. ஒருவர் இடிக்காமல் நடக்க இரண்டரை அடி வேண்டும். கையில் துணிக்கூடை இருந்தால் மூன்றடி. இந்த இரண்டு நடையும் ஹாலின் குறுக்கே போனால் அறை இரண்டாக அறுபடுகிறது. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே நாள் முழுவதும் ஆள் போய்வருவதும், "கொஞ்சம் நகரு" என்பதும்தான் இடநெருக்கடியாக நமக்குத் தெரிகிறது. சுவருக்கு எந்த வெள்ளை அடித்தாலும் இது தீராது.

ஆகவே சாமான் வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று. காலி ஹாலில், கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, வீட்டார் வழக்கமாக நடக்கப்போகும் தடங்களைத் தரையில் சாக்பீஸால் போட வேண்டும். தடம் எல்லாம் ஒரு சுவரை ஒட்டி ஓடும்படி சேர்க்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஹால்களில் முடியும். அப்படிச் சேர்த்துவிட்டால் எதிர்ப்பக்கம் ஆள் குறுக்கிடாத ஒரு மூலை தானாக ஒதுங்கும். உட்கார்வதற்கான இடம் அதுதான். 10க்கு 12 ஹாலில் அந்த மூலை 7க்கு 8 அடி வந்தாலே பெரிது. அதற்குள் ஒரு இரண்டு பேர் சோபாவும் கைப்பிடி இல்லாத இரண்டு நாற்காலியும் அடங்கும். மூன்று பேர் சோபாவின் நடு இருக்கையில் வீட்டில் யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? துணி மடிக்கத்தான் அது பயன்படுகிறது.

ஏழுக்கு எட்டு போதுமா என்ற சந்தேகம் வரும். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் (நம் ஹாலுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை) 1966இல் எழுதிய புத்தகத்தில், மனிதர்கள் பேசும்போது ஒருவருக்கொருவர் விட்டுக்கொள்ளும் தூரத்தை வகை பிரித்தார். நெருங்கியவர்களோடு ஒன்றரையிலிருந்து நாலடி, மற்றவர்களோடு நாலிலிருந்து பன்னிரண்டடி, அதற்கு மேல் போனால் மேடைப் பேச்சின் தூரம். அமெரிக்கர்களைப் பார்த்து எழுதியது. நாம் இன்னும் நெருங்கியே உட்காருவோம். ஆகவே குரல் உயர்த்தாமல் பேச ஏற்ற அறை சின்ன அறைதான். இருபதடி ஹாலில் சுவருக்குச் சுவர் சோபா போட்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கல்யாண மண்டப வரவேற்பில் இருப்பதுபோல் பேசவேண்டியிருக்கும். 'விசாலம்', 'அழைக்கும் தன்மை' இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறோமே தவிர, இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் பிடித்து இழுப்பவை. சின்ன ஹாலுக்கு இரண்டாவது இயல்பாகவே வாய்த்திருக்கிறது. முதலாவதைத்தான் நாம் தேடிப்போக வேண்டும்.

அந்த முதலாவதைப் பற்றி ஆய்வுக்கூடங்கள் என்ன சொல்கின்றன? ஆர்தர் ஸ்டாம்ப்ஸ் என்பவர் விசால உணர்வைப் பற்றி வரிசையாகச் செய்த சோதனைகளில், அதை அதிகம் தீர்மானித்தது வெறும் தரைப்பரப்பு. கேட்டால் உப்புச்சப்பில்லாத முடிவு. ஆனால் யோசித்தால் கடைக்காரருக்கு விரோதமான முடிவு. அலங்காரத்தால் சாதிப்பதைவிடத் தரையைக் காலி செய்து சாதிப்பது அதிகம் என்றே அதை நான் படிக்கிறேன். சடல்லா, ஆக்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் 1984இல் காட்டியது இன்னொன்று: ஒரே பரப்புள்ள இரண்டு அறைகளில் சதுர அறையைவிட நீள்சதுர அறை பெரிதாகத் தெரிகிறது. அதாவது நீளம் ஒரு பக்கமாவது தடையின்றித் தெரிய வேண்டும். நீளப்போக்கில் நடுவே ஷோகேஸை நிறுத்தி, "பார்ட்டிஷன்" என்று பெயர் சூட்டி, இரண்டு சதுரங்களாக்குவது கையில் இருப்பதையும் இழப்பது.

நிறம் பற்றி நான் பார்த்ததில் உருப்படியான ஆய்வு ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2010இல் வந்தது. ஓபர்ஃபெல்ட், ஹெஷ்ட், கேமர் மூவரும் கணினியில் உருவாக்கிய அறைகளைக் காட்டி, உயரம் எவ்வளவு தெரிகிறது என்று கேட்டார்கள். கூரை வெளிறியிருந்தால் உயரம் கூடித் தெரிந்தது. சுவர் வெளிறியிருந்தாலும் அப்படியே. கூரைக்கும் சுவருக்கும் இடையே நிற வேறுபாடு இருந்தால்தான் உயரம் தெரியும் என்று உள்அலங்காரக்காரர்கள் சொல்லிவந்தது நிற்கவில்லை. தரையின் நிறத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. இந்தக் கடைசி முடிவு நமக்குச் சந்தோஷம் தருவது. சின்ன ஹால் என்பதற்காக நல்ல ரெட் ஆக்சைடு தரையையோ, ஆத்தங்குடிக் கல்லையோ பெயர்த்துவிட்டு வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ் போடுகிறவர்கள், குறைந்தபட்சம் உயரத்துக்காகவாவது அதைச் செய்ய வேண்டியதில்லை. வெள்ளை டைல்ஸில் விழுந்த ஒரு தலைமுடிகூட நாலு அடி தூரத்திலிருந்து தெரியும் என்பது ஆய்வுக்கூடம் சொல்லாத, வீட்டைக் கூட்டுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

நிறத்தைவிட வெளிச்சத்தில் விஷயம் அதிகம். 1970களில் ஜான் ஃபிளின்னும் கூட்டாளிகளும் ஒரே அறையை வெவ்வேறு விளக்கமைப்புகளில் காட்டிச் சோதித்தபோது, சுவர்களில் வெளிச்சம் விழும்போது அறை விசாலமாகப் படுவதாக மக்கள் சொன்னார்கள். நம் ஹாலில் என்ன நடக்கிறது? ஒரு சுவரின் உச்சியில் ஒரே ஒரு எல்.ஈ.டி. டியூப் லைட், 6500 கெல்வின் 'கூல் டேலைட்'. அது தொங்கும் சுவர் மட்டும் கண்ணைப் பறிக்கும். எதிர் மூலைகள் இருட்டில் கிடக்கும். மூலை தெரியாத அறை தெரியும் அளவுக்கே பெரியது. அதே மின்செலவை மூன்றாகப் பிரித்து, ஒன்றை உட்காரும் மூலையில் நிற்கும் விளக்காகவும், ஒன்றைப் புத்தக அலமாரிக்கு மேலும், ஒன்றைச் சுவரை நோக்கித் திருப்பியும் வைத்து, 3000 கெல்வின் மஞ்சள் கலந்த வெளிச்சத்துக்கு மாறினால், சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற இந்த வேலை ஒரு லட்ச ரூபாய் மர வேலை செய்யாததைச் செய்யும். டியூப் லைட்டைக் கழற்ற வேண்டாம். அரிசியில் கல் பொறுக்க, பிள்ளைகள் எழுத, அது வேண்டும். விருந்தாளி வந்ததும் அதை அணைத்தால் போதும்.

கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரே இருப்பதை இரட்டிப்பாக்குவது மட்டுமே அதன் வேலை. ஜன்னலுக்கு எதிரே வைத்தால் இரண்டாவது ஜன்னல் கிடைக்கும். செருப்பு ஸ்டாண்டுக்கு எதிரே வைத்தால் இரண்டாவது செருப்பு ஸ்டாண்டு கிடைக்கும். லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் தன் வீட்டில், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அதே வீட்டில், காலை உணவு அறையின் கூரையிலும் சுவர்களிலும் சிறு குவியாடிகளாகப் பதித்தார். கவனிக்க வேண்டியது, மேலே மறைவாக வான வெளிச்சம் இறங்கும் திறப்புகளை அவர் முதலில் அமைத்தார். அந்த வெளிச்சத்தைச் சிதறடிக்கவே ஆடிகள். வெளிச்சம் வராத இடத்தில் ஆடி இருட்டைத்தான் பெருக்கும்.

சின்ன அறைக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணங்கள் சில உண்டு. கியோத்தோவுக்கு அருகே யமசாக்கியில் உள்ள தாய்-ஆன் தேநீர் அறை, பதினாறாம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கு ஆசான் சென் நோ ரிக்கியு அமைத்ததாகக் கருதப்படுவது, இரண்டே இரண்டு தாதாமி பாய் அளவு. ஏறத்தாழ 6க்கு 6 அடி. அதில் படம் தொங்கும் மாடத்தின் உள்மூலைகளை மண்பூச்சால் வளைத்து மழுப்பியிருக்கிறார்கள். மூலை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாததால் ஆழம் கூடித் தெரியும். இன்னொன்று, பிரெஞ்சுக் கடற்கரையில் லெ கொர்பூசியே 1952இல் தனக்காகக் கட்டிமுடித்த மரக்குடில், 3.66 மீட்டர் சதுரம், அதாவது 12க்கு 12. உயரம் 2.26 மீட்டர்தான். சண்டிகர் நகரத்தை வடிவமைத்தவர் தனக்கென்று கேட்டுக்கொண்ட இடம் அவ்வளவே. இவற்றைக் காட்டி "சின்ன இடத்தில் எவ்வளவு சாதிக்கலாம் பார்" என்று எழுதுவது உள்அலங்காரப் புத்தகங்களின் வழக்கம். அவை எழுதாமல் விடுவது: தாய்-ஆனில் எந்தப் பொருளும் சேமிக்கப்படவில்லை, பாத்திரம் கழுவப் பக்கத்தில் தனி இடம் உண்டு. கொர்பூசியேயின் குடிலில் சமையலறை கிடையாது. பக்கத்தில் ஒட்டியிருந்த உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டார், குளிக்க எதிரே மத்தியதரைக் கடல். மற்ற வேலைகளை வெளியே தள்ளிவிட்டதால் அந்த அறைகள் மூச்சு விடுகின்றன. நம் ஹாலுக்கு அந்தச் சலுகை இல்லை.

நமக்குப் பொருந்தும் பாடம் பக்கத்துத் தீவிலிருந்து வருகிறது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் முப்பத்துமூன்றாவது சந்தில் நான்கு சிறு வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகத் தன்வசமாக்கி ஒரே வீடாகக் கோத்தார். கிடைத்ததெல்லாம் குறுகலான அறைகளும் நீண்ட நடைகளும். அவர் செய்தது, பார்வை ஓடி முடியும் இடங்களில் கூரையைத் திறந்து சின்னஞ்சிறு முற்றங்களை வைத்தது. எங்கே நின்று பார்த்தாலும் கண் ஒரு வெளிச்சத்தில் போய் முடியும். இது நம் அக்கிரகாரத்து வீடுகளுக்குப் பழகிய வித்தைதான். தெருத் திண்ணையில் நின்றால் ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு வழியாகக் கொல்லைப்புறத்து வெளிச்சம் வரை நிலைகள் ஒரே நேர்கோட்டில் தெரியும். அகலம் பதினைந்தடி இருந்த வீடும் இடுக்கமாகத் தெரியாததற்கு அந்த நேர்கோடு ஒரு காரணம்.

அடுக்குமாடி ஹாலில் முற்றம் வெட்ட முடியாது. பால்கனி இருக்கிறது. வாசல் கதவைத் திறந்ததும் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பால்கனிக்கோ ஜன்னலுக்கோ அது தடையில்லாமல் போக வழி விட வேண்டும். இடுப்புயரத்துக்கு மேற்பட்டதெல்லாம், ஃபிரிட்ஜ், புத்தக அலமாரி, பூஜை அலமாரி, வாசல் கதவு இருக்கும் அதே சுவரில் போனால் உள்ளே வருகிறவர் கண்ணில் அவை படாது. பல வீடுகளில் நேர் எதிராக நடக்கிறது: ஃபிரிட்ஜ் வாசலுக்கு நேரே, பால்கனிக் கதவின் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கும், பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி வாஷிங் மெஷினுக்குக் கொடுத்திருப்பார்கள். முப்பது சதுர அடி சாமான் வைக்கக் கிடைத்தது, ஹாலில் நூற்றிருபதும் சுருங்கியது.

ஜன்னலும் அப்படியே. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1977இல் கூட்டாளிகளோடு வெளியிட்ட வடிவமைப்புத் தொகுப்பில் எந்த அறைக்கும் இரண்டு பக்கத்திலிருந்து வெளிச்சம் வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். நம் ஹாலுக்கு வெளிச்சுவர் ஒன்றே இருக்கும். மற்றவை அறைகளுக்கும் அண்டை வீட்டுக்கும் பொது. இரண்டாவது வெளிச்சத்தைப் படுக்கையறை வழியாகக் கடன் வாங்கலாம். பழைய வீடுகளில் கதவுக்கு மேலே இருந்த வென்டிலேட்டர் இந்த வேலையைத்தான் செய்தது. சென்னையில் கோடைப் பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுக்கும் அதுவே வழி. காற்று போக ஒரு வழி இருந்தால்தான் உள்ளே வரும். இரட்டைத் தண்டவாள ஸ்லைடிங் ஜன்னல் பாதி மட்டுமே திறக்கும் என்பதைப் புது வீடு கட்டுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். வியர்த்துக் கொட்டும் ஹால் எத்தனை அடி இருந்தாலும் அழைக்காது.

இனி சாமான்கள். ஹாலை அடைப்பவை பெரும்பாலும் ஹாலுக்குச் சொந்தமில்லாதவை. ஒரு சாதாரண வீட்டு ஹாலை உற்றுப் பார்த்தால் தெரியும்: இருபது லிட்டர் வாட்டர் கேன், ஒன்று காலி ஒன்று நிறைந்தது, இன்வெர்ட்டரும் அதன் பேட்டரியும், இரண்டு ஹெல்மெட், பள்ளிக்கூடப் பைகள், இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிமூட்டை, போன தீபாவளிக்கு வந்த அட்டைப்பெட்டி. இவற்றுக்கு வீட்டில் வேறு முகவரி இல்லை, அதனால் ஹாலில் குடியிருக்கின்றன. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் 1998க்குப் பிறகு கட்டப்பட்டவற்றில் குண்டுவீச்சுக்குப் பாதுகாப்பாக ஒரு கனத்த சுவர் அறை இருக்கிறது. அமைதிக் காலத்தில் அது ஸ்டோர் ரூம். அங்கே தமிழர் வீட்டு ஹால்கள் நம்முடையதைவிடத் துப்புரவாகத் தெரிவதற்கு அந்த அறைக்கும் பங்குண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் கட்டுநர்கள் தருவது ஏழடி உயரத்தில் ஒரு லோஃப்ட். அதில் ஏறி எடுக்கவேண்டிய பொருள் ஏறி எடுக்கப்படுவதே இல்லை. வாசலையொட்டி ஓரடி ஆழத்தில், தரையிலிருந்து கூரை வரை, கதவு போட்ட ஒரே ஒரு அலமாரி, செருப்பு, ஹெல்மெட், குடை, பை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஹாலுக்கு மர வேலை என்று ஒன்று செய்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

ஷோகேஸுக்கு வருவோம். டிவி என்பது ஒன்றரை அடி ஆழமுள்ள கனத்த பெட்டியாக இருந்த காலத்தில், நடுவே அதற்கொரு குகை விட்டுச் சுற்றிலும் தட்டுகள் வைத்துச் சுவர் முழுவதும் செய்த மரச்சாமான் அது. டிவி மெலிந்து சுவரில் ஏறிவிட்டது. ஸ்டாண்டு மட்டும் அதே ஆழத்தில் கீழே நிற்கிறது, மேலே செட்-டாப் பாக்ஸ் ஒன்றைச் சுமந்துகொண்டு. அதற்கு ஆறங்குல ஆழத் தட்டு ஒன்று சுவரில் போதும். தரை தொடர்ந்து சுவர் வரை ஓடுவது கண்ணில் பட்டால் அறை கூடித் தெரியும் என்பதால், கால் உயர்ந்த சோபா, சுவரில் தொங்கும் தட்டு, அடியில் பெருக்க முடிகிற எதுவும் நல்லது. அடி மூடிய திவான் பார்க்கக் கனமாகத்தான் இருக்கும். ஆனால் ஊரிலிருந்து வருகிறவர் படுக்கவும், உள்ளே பாய் தலையணை போடவும் அது ஒன்றே பயன்படும் என்றால் சோபாவை விட்டுவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் வைக்கும்போதுதான் தகராறு.

நம் பழக்கத்தில் இன்னொரு வழியும் இருந்தது. வேலை முடிந்ததும் சுருட்டி வைக்கும் பாய், சாய்த்து வைக்கும் கயிற்றுக் கட்டில், சுவரில் மாட்டும் மணை, ஒன்றின்மேல் ஒன்று ஏறும் நாற்காலி. அறைக்கு நிரந்தரமான வேலை என்று ஒன்று இல்லை. காலையில் சாப்பிடும் இடம், மதியம் படுக்கும் இடம், சாயங்காலம் பிள்ளைகள் படிக்கும் இடம். அது இன்னும் செத்துவிடவில்லை என்பதற்கு நவராத்திரி சாட்சி. ஏழு படி கொலு வைக்க முடிவானதும் மூன்று பேர் சோபா படுக்கையறைக்குப் போகிறது, டீப்பாய் கட்டிலுக்கு அடியில் நுழைகிறது, பவானி ஜமக்காளம் விரிகிறது. ஹாலில் மூன்றிலொரு பங்கைப் படிகள் எடுத்துக்கொண்ட பிறகும், சாதாரண நாளில் ஐந்து பேருக்குத் திணறும் அந்த இடத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுப் பாடிவிட்டுப் போகிறார்கள். பத்தாம் நாள் சோபா திரும்பி வருகிறது. ஏன் திரும்பி வர வேண்டும், முழுதாக ஏன் வர வேண்டும் என்று எந்த வீட்டிலும் கேட்பதாகத் தெரியவில்லை.

இதைச் சொல்லி எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்வது என் நோக்கமில்லை. முட்டிவலி உள்ள பெரியவர் வீட்டில் ஒருவராவது இருப்பார். அவருக்கு வேண்டியது பதினேழு, பதினெட்டு அங்குல உயரத்தில் கைப்பிடியுள்ள நிமிர்ந்த நாற்காலி. இன்று விற்கும் தாழ்ந்த, ஆழமான சோபாவில் அவர் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அழைக்கும் ஹால் என்பதற்கு என் முதல் சோதனை இதுதான்: எழுபது வயதுக்காரர் யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழ முடிகிறதா? இரண்டாவது சோதனை, வாசலில் நின்று இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போக வந்த பக்கத்து வீட்டு அம்மா உட்கார ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பது. திண்ணை செய்த வேலை அது. செருப்பு அலமாரியை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பெஞ்சு போட்டால் செருப்பு மாட்டவும் ஆயிற்று, அந்த அம்மா உட்காரவும் ஆயிற்று.

ஃபால்ஸ் சீலிங் பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். ஒன்பதரை அடி உயரத்தில் எட்டங்குலத்தை ஜிப்சம் பலகைக்குக் கொடுத்து, விசிறியை இன்னும் கீழே இறக்கி, நடுவில் நீல விளக்குப் பட்டை ஓடவிடுவது சின்ன ஹாலுக்கு எதிரான வேலை. விசிறியின் இறக்கைக்கும் கூரைக்கும் ஓரடியாவது இடைவெளி இருந்தால்தான் அது காற்றை இழுத்துத் தள்ளும். உயரமே குறைவான இடத்தில் உயரம், காற்று இரண்டுமே கெடும்.

வாஸ்து பார்க்கிறவர்கள் தென்மேற்கில் கனம், வடகிழக்கில் காலி என்பார்கள். நம்பிக்கை உள்ளவரோடு வாதாடி ஜெயித்தவர் இல்லை, ஜெயித்தும் பயனில்லை. கனமானதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கி இன்னொரு மூலையைக் காலியாக விடு என்ற அளவில் அந்த விதி சின்ன ஹாலுக்கு உதவவே செய்யும். சிக்கல் வருவது அந்த மூலைக்கும் நடைவழிக்கும் முட்டும்போது. அப்போது வழிக்குத்தான் என் வாக்கு. சாஸ்திரத்துக்காகத் திரும்பிய சோபாவில் தினம் இடித்துக்கொள்வது மனிதக் கால்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் எவ்வளவு முடியும் என்ற கேள்வி நியாயமானது. ஆணி அடிக்கக் கூடாது, சுவருக்கு நிறம் மாற்றக் கூடாது, பதினொரு மாத ஒப்பந்தம். அவர்களுக்குக் கையில் இருப்பது மூன்று: சாமான்களின் எண்ணிக்கை, அவற்றின் இடம், விளக்கு. திரைச்சீலையை ஜன்னலின் சட்டத்துக்கு மேல் மாட்டாமல், வீட்டுக்காரர் விட்டுச்சென்ற லோஃப்ட் விளிம்புக்கோ கூரைக்குப் பக்கத்திலோ ஏற்றித் தரை வரை இறக்கினால், நாலடி ஜன்னல் எட்டடி ஜன்னல் போலத் தெரியும். ஆணியில்லாமல் இறுக்கி நிறுத்தும் ஸ்பிரிங் கம்பிகள் கிடைக்கின்றன, லேசான பருத்தித் துணியை அவை தாங்கும். சோபா வாங்கும் முன் பழைய செய்தித்தாள்களை அதே அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்க்கலாம். காகிதம் எங்கே மிதிபட்டுக் கிழிகிறதோ அங்கே சோபா வரக்கூடாது.